பட்டி பார்த்த கை

என் அண்ணனுக்கு விரல் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து வாட்டர் பேப்பர் தேய்த்துத் தேய்த்து அழிந்துபோய்விட்டது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வைத்த பிறகுதான் இது எங்களுக்கே தெரிந்தது. கட்டை விரலை வைத்தால் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. பத்து விரலும் விழவில்லை. "கையக் கழுவிட்டு வந்து வைங்கண்ணே" என்று கடையில் இருந்த பிள்ளை சொல்லியிருக்கிறது. அண்ணன் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து வச்சிருக்கு. அப்பவும் விழவில்லை. கடைசியில் மதினியைக் கூட்டிவரச் சொல்லி, அவங்க விரலை வைத்துத்தான் அரிசி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "நான் ஆளே இல்லேங்குதுடா மிஷினு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாத்தியார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் விரல் வைத்துத்தான் வருகைப் பதிவு. நான் வைத்தவுடனே விழும். என் ரேகை அழியாமல் இருப்பதற்குக் காரணம், அண்ணனுடைய ரேகை அழிந்ததுதான். என் பரீட்சைப் பணம், ஹாஸ்டல் பெட்டி, முதல் பேண்ட் துணி எல்லாம் அந்த விரல் தேய்ந்து வந்த காசு. அதனால் அந்த வேலை என்னவென்று நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

தோழர்கள் பலருக்குப் பட்டி பார்ப்பது என்றால் தெரியாது. சினிமாவில் 'பட்டி டிங்கரிங்' என்று சொன்னால் தியேட்டரே சிரிக்கும். அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ. ஒரு காருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றால், பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் பளபளப்பு. அதை அடிக்க ஒரு பொழுது போதும். அதற்கு முன்னால் பத்து நாள், பதினைந்து நாள் வேலை இருக்கிறது. பழைய பெயிண்டைச் சுரண்டணும். துருவை எடுக்கணும். நெளிசலைத் தட்டி நிமிர்த்தணும். பள்ளத்தில் பட்டி வச்சு நிரப்பணும். தேய்க்கணும். மறுபடி வச்சு மறுபடி தேய்க்கணும். அந்தப் பத்து நாள் வேலையில் ஒரு இடத்தில் ஏமாத்தினால், மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் வெயில் படும்போது காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்ட் எதையும் மறைக்காது. அடியில் இருப்பதைப் பெரிசாக்கித்தான் காட்டும்.

நம் எழுத்தைப் பார்த்து வழவழப்பு இல்லை, சொரசொரப்பாக இருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வழவழப்பு யார் கையிலிருந்து வருகிறது என்று அவர்களிடம் கேட்கணும்.

அண்ணன் பட்டறைக்குப் போனது 1983-ல். அந்த வருஷம் ஐப்பசியில் எங்க அய்யா நாற்றங்காலில் தண்ணி கட்டப் போனபோது பாம்பு கடித்தது. டவுன் ஆஸ்பத்திரி பதினாலு கிலோமீட்டர். கடைசி பஸ் போயிருச்சு. ஊரில் ஒரே ஒரு கார், மேலத்தெருவில். எங்க சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் போய் தெருமுனையில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்கள். வண்டி ரிப்பேர் என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. மாட்டு வண்டி பூட்டினோம். பாதி வழியிலேயே அய்யாவுக்கு நாக்கு தடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்கு முன்னாலேயே முடிஞ்சிருச்சு. விடிந்து நாங்க பிணத்தோடு திரும்பி வரும்போது அந்தக் கார் எதிரே வந்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் மாட்டை ஒதுக்கி வழிவிட்டார்.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்தக் காரின் நிறம் ஞாபகம் இருக்கிறது. பாலாடை மாதிரி ஒரு வெள்ளை. அதில் எங்க மாட்டு வண்டி நிழல் விழுந்து போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் அண்ணன் டவுனுக்குப் போய்விட்டது. டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை. பட்டறையில் மெக்கானிக் உண்டு, எலெக்ட்ரீசியன் உண்டு, டிங்கர் உண்டு, பெயிண்டர் உண்டு. எல்லாருக்கும் கீழே பேப்பர் தேய்க்கிற பையன். கன் பிடிக்கிற ஆளுக்கு 'மாஸ்டர்' என்று பெயர். தேய்க்கிற பையனுக்குப் பெயரே கிடையாது. "ஏய் பேப்பரு" என்று கூப்பிடுவார்கள். ஜாதி என்பது வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவன் மேல் ஒருவனை அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். அண்ணன் அதைப் படித்ததில்லை. டீ வரும்போது எல்லாருக்கும் கிளாஸில் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் தகர டப்பாவில் ஊற்றியதிலிருந்து அதற்குத் தெரியும். அந்த டப்பா, தின்னர் வந்த டப்பா. கழுவினாலும் வாடை போகாது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வண்டிப் பட்டறையில் நெளிசல் தட்டுவதையும் பெயிண்ட் அடிப்பதையும் பிள்ளைகள் செய்யக்கூடாத ஆபத்தான வேலை என்று பின்னால் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்குள் அண்ணனுக்கு மீசை முளைத்துவிட்டது.

இருபது வருஷம் அடுத்தவன் காரைத் தேய்த்தபிறகு, 2003-ல் அண்ணன் ஒரு கார் வாங்குச்சு. 1984 மாடல் அம்பாசிடர். டாக்சி ஸ்டாண்டில் ஓடி ஓய்ந்த வண்டி. இன்ஜின் நல்லாயிருந்தது. பாடிதான் போயிருந்தது. கதையாக இருந்தால் அது அந்த மேலத்தெருக் காராகவே இருந்திருக்கும். இது கதையில்லை. அந்தக் கார் எப்பவோ எடைக்குப் போய்விட்டது.

பட்டறையிலேயே ராத்திரியில் வைத்து வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "என் வண்டிய என் வாசல்ல வச்சுத்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டது. காலனியில் எங்க வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். பழைய தார்ப்பாயை மேலே கட்டினோம். கோடை லீவு, நானும் இருந்தேன். தெருவே வந்து நின்று பார்த்தது.

முதல் நாள் கழுவி, கழற்றுகிற வேலை. பம்பர், கிரில், லைட்டு, கைப்பிடி, கண்ணாடி ஓரத்து ரப்பர், குரோம் பட்டை எல்லாம் கழற்றி, ஆணியையும் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எது எங்கே உள்ளது என்று நான் சீட்டு எழுதி ஒட்டினேன். ரப்பருக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அண்ணன் காறித் துப்புச்சு. "கழட்டச் சோம்பப்பட்டு அடிச்சிருக்கான் பாரு. இதுக்கடியிலதான் தண்ணி நின்னு துருப்பிடிக்கும்." ரப்பரை எடுத்தால் அப்படித்தான் இருந்தது.

அம்பாசிடரில் துரு எங்கே இருக்கும் என்று அண்ணனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கதவுக்கு அடிப்பக்கம், ஏறுகிற படிக்குக் கீழே, பேட்டரி உட்காருகிற தட்டு, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், மட்கார்டு உள்பக்கம். சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போகும். நல்ல தகடு கணீர் என்று சொல்லும். துருத் தகடு சொத்தென்று சொல்லும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் மறுபக்கம் வந்துவிடும். "மேல பட்டி வச்சு மூடிட்டா ஆறு மாசம் தாங்கும். விக்கிறவன் அப்படித்தான் செய்வான். நம்ம ஏறிப் போற வண்டி, வெட்டித்தான் எடுக்கணும்." வெட்டி எடுத்தோம். நாலு கதவையும் மூணு சக்கர வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ப் புதுத் தகடு வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தோம்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. வெள்ளை, அதற்கடியில் கறுப்பு, அதற்கடியில் ஒரு பச்சை. டிக்கி மூடியில் கறுப்பு வந்தபோது, அதில் மஞ்சள் எழுத்து தெரிந்தது. முன்னால் வைத்திருந்தவன் தன் ஜாதிப் பட்டத்தை எழுதி வைத்திருந்திருக்கிறான். பாதி எழுத்துதான், ஆனாலும் படிக்க முடிந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன். தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எண்பதாம் நம்பர் பேப்பரை என்னிடம் கொடுத்து, "நீ தேயி" என்று சொல்லுச்சு. தேய்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வேலை தெரிந்தது. அரை மணி நேரத்தில் விரல் நுனி சிவந்து, ஒரு மணி நேரத்தில் ரத்தம் கசிந்தது. அண்ணன் இருபது வருஷமாக இதைச் செய்கிறது. நான் அரை நாள் தாங்கவில்லை.

அப்போது நாங்கள் மூக்கில் ஈரத்துண்டு மட்டும்தான் கட்டினோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், காய்ந்த தூளாகத் தேய்த்தால் நெஞ்சுக்குள் போகும், அதிலும் பிள்ளைகளுக்கு மூளையைப் பாதிக்கும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள், 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டுப் பெயிண்டுக்குத்தான். கார் பெயிண்டைச் சுரண்டுகிறவன் நெஞ்சுக்கு அந்த விதியில் இடமில்லை. வீட்டில் இந்த வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய பெயிண்டைத் தண்ணி விட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், வேலை முடிந்ததும் குளித்து, துணியைத் தனியாகத் துவையுங்கள். ஹார்ட்னர் கலந்த பெயிண்டைக் கன்னில் அடிக்கும்போது துண்டு போதாது. அந்தப் புகையால் ஆஸ்துமா வரும். அண்ணனுக்கு இப்போது மூச்சிரைப்பு இருக்கிறது.

தகடு வெள்ளையாக வந்ததும் துரு ஆசிட் தடவி, கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்கணும். வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் பனியில் பூத்துவிடும். பிறகு பட்டி. கண்ணாடித் துண்டில் பட்டியை எடுத்து, ஹார்ட்னரை நூற்றுக்கு இரண்டு பங்கு கலக்கணும். கூடினால் வெடிக்கும், குறைந்தால் காயாது. கலந்தால் சில நிமிஷம்தான், கல்லாகிவிடும். மெல்லிசாக வைத்துக் காயவிட்டு அதன் மேல் வைக்கணும். மொத்தமாக அப்பினால் விரிசல் விடும். பள்ளம் ஆழமென்றால் அது பட்டி வேலையில்லை, சுத்தியல் வேலை.

கட்டைத் துண்டில் பேப்பரைச் சுற்றித் தேய்க்கணும், வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். முதலில் எண்பது, அப்புறம் நூற்றிருபது, நூற்றியெண்பது. பட்டி தண்ணியைக் குடிக்கும், அதனால் அதை உலர்வாகத்தான் தேய்க்கணும். பட்டறையில் அவசரத்துக்குத் தண்ணி விட்டுத் தேய்க்கச் சொல்வார்கள்; ஒரு வருஷத்தில் கொப்பளம் வரும். அண்ணன் தன் வண்டிக்கு அப்படிச் செய்யவில்லை. தேய்த்தபிறகு லேசாகக் கறுப்பு பெயிண்டைத் தூவி மறுபடி தேய்க்கும். கறுப்பு போகாமல் எங்கே நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு சோதனை உண்டு. மெல்லிய துணியைத் தகட்டின் மேல் போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையால் தடவணும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ரேகை இல்லாத அந்தக் கை ஒரு மயிரிழைப் பள்ளத்தில் நின்றுவிடும். "இந்தா இருக்கு" என்று சாக்பீஸில் வட்டம் போடும். நான் தடவினால் ஒன்றும் தெரியாது.

அதற்கு மேல் சர்ஃபேசர் அடித்து, தண்ணிப் பேப்பர். முந்நூற்றிருபது, நானூறு, அறுநூறு. இதற்குத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கணும். காலனிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வரும். அம்மாவும் மதினியும் அடிபம்பில் அடித்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மதினி ஊற்றியதோடு நிற்கவில்லை, இடது பக்கம் முழுவதும் மதினி தேய்த்ததுதான். கார் யார் பேரில் இருக்கிறது என்று இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். அண்ணன் பேரில். இதையும் நாம் பேசணும்.

அந்த வேலை நடக்கும்போதுதான் அது நடந்தது. வலது பக்கக் கதவைக் கடைசியாக வெல்டிங்கிலிருந்து கொண்டுவந்து, சுத்தம் பண்ணி, வெறும் தகடாக மாட்டியிருந்தோம். விடிந்ததும் பிரைமர் அடிக்கணும் என்று இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு மூணாவது வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி. தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்துவிட்டது. அப்போது 108 வண்டி கிடையாது, அது தமிழ்நாட்டுக்கு 2008-ல்தான் வந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் வந்து வாசலில் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. எங்க அய்யாவுக்காகச் சித்தப்பா நின்ற மாதிரி நின்றான்.

அண்ணன் எழுந்திருச்சு டார்ச்சை எடுத்தது. டப்பாவிலிருந்து ஒரு ஹெட்லைட்டை எடுத்துக் கம்பியால் கட்டி ஒயரைச் சேர்த்தது. வைப்பர் இல்லை. நான் ஓரத்தில் உட்கார்ந்து கையை வெளியே விட்டுத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பின் சீட்டில் அம்மா மடியில் அந்தப் பிள்ளை. காலனியிலிருந்து தார்ரோட்டுக்குப் போக ஒரே வழி மேலத்தெருதான். அந்தத் தெருவில் எங்களவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன காலத்தை அம்மா பார்த்திருக்கிறது. எங்க வண்டி திட்டுத்திட்டாகச் சாம்பல், சிவப்பு, வெறும் தகடு என்று, ஒற்றைக் கண்ணோடு, அந்தத் தெருவழியாகப் போனது. ஒரு திண்ணையில் லைட் எரிந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் ஆரன் அடிக்கவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

பொம்பளப் பிள்ளை பிறந்தது. இன்றைக்கு அது நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறது.

விடிந்து வந்து பார்த்தால் வலது கதவு முழுக்கப் பூத்திருந்தது. மஞ்சள் தூவின மாதிரி துரு. மறுபடி ஆசிட், மறுபடி தேய்ப்பு, மறுபடி முதலிலிருந்து. நான் "சே" என்றேன். அண்ணன் அந்தத் துருவைக் கையால் தடவிப் பார்த்துச்சு. "இது தேச்சாப் போயிரும்டா" என்றது. அதற்கு மேல் பேசவில்லை. பேப்பரை மடித்து உட்கார்ந்துவிட்டது.

அம்பேத்கர் தன் அனுபவமாக ஒன்றை எழுதியிருக்கிறார். 1929-ல், தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட கமிட்டியில் அவர் உறுப்பினர். சாலிஸ்கான் என்ற ஊரில் டாங்கா ஓட்டுகிறவர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்துவிட்டார்கள். சேரி மக்கள் டாங்காவை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் வண்டி அடிபட்டு அவர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டராக இருந்தாலும் வண்டிக்காரனுக்கு அவர் என்னவாகத் தெரிந்தார் என்பதுதான் விஷயம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் நம் மாணவன் ஒருவன் புல்லட் ஓட்டினான் என்று கையை வெட்டினார்கள். வண்டி என்பது நமக்கு வெறும் வண்டியாக எப்போதும் இருந்ததில்லை.

கலரைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்று இருந்தது. கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக்கொடுத்துப் புத்தகத்தில் மாற்றணும். அண்ணன் நீலம் என்றது. காலனிப் பெரியவர்கள், "வெள்ளையே இருக்கட்டும்ப்பா, எதுக்கு வம்பு" என்றார்கள். அம்மாவைக் கேட்டோம். அம்மா ரொம்ப நேரம் யோசித்து, "வெள்ளை வேணாம்" என்று மட்டும் சொல்லுச்சு. அந்தப் பாலாடை வெள்ளை அம்மாவுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

நீலம் அடித்தோம். மரத்தடியைச் சுற்றித் தண்ணி தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, காற்று எழும்புமுன் விடியற்காலையில் அண்ணன் கன்னைப் பிடித்தது. ஒரு பொழுதில் முடிந்தது. வெயில் வந்தபோது வேப்பமரம் அந்தக் கதவில் வளையாமல் நெளியாமல் நேராகத் தெரிந்தது. தெருவே வந்து முகம் பார்த்துக்கொண்டது.

அந்த வண்டி பதினோரு வருஷம் ஓடியது. ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனது என்று கணக்கு வைக்கவில்லை. 2014-ல் அம்பாசிடர் கம்பெனியே தயாரிப்பை நிறுத்தியது, அதே வருஷம் நாங்களும் விற்றோம். வாங்க வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்து, "யாரு பட்டி பார்த்தது, நல்லா நிக்குது" என்று கேட்டார். அண்ணன், "நாங்கதான்" என்றது.

ரேஷன் கடையில் இப்போதும் மதினிதான் விரல் வைக்கிறது. போன மாதம் மதினிக்கும் இரண்டு தடவை விழவில்லை. மூன்றாவது தடவை விழுந்தது.